மெலோஃபோன்காரியின் அப்பா எழுதும் நன்றி மடல்

அன்பு நண்பர்களுக்கும் பேண்டு குடும்பத்தாருக்கும் வணக்கம்.

இனி நிமிர்ந்து உட்காரலாம் என்று டாக்டர் நேற்றுச் சொன்னார். எழுந்து செய்யும் முதல் காரியம் இந்த மடல். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் தட்டுவதும் கொஞ்சம் கண்ணை மூடுவதுமாக எழுதுகிறேன். என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுபடி அந்தக் கதைக்குள் போக எனக்கே தெம்பில்லை. ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் விட்ட வாயு இன்னும் முழுக்கக் கரையவில்லை. அதற்காகத்தான் இத்தனை நாளும் குப்புறக் கிடந்தேன். பார்வையின் அடியில் ஒரு கோடு ஆடிக்கொண்டே இருக்கிறது. போய்விடும் என்கிறார்கள். இன்னொரு கண்ணும் சரியாகத் தெரியாது என்பது நீங்கள் அறிந்ததுதான்.

முதலில் கும்பலாக ஒரு நன்றி. பெயர் பெயராகச் சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன், அப்புறம் மனஸ்தாபம். முறைபோட்டுச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள், சின்னவனை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவர்கள், நான் குப்புறப் படுக்க அந்த மசாஜ் மேசையை எங்கிருந்தோ பிடித்துவந்து மாடிக்கு ஏற்றியவர்கள், இன்சூரன்ஸ்காரர்களோடு எனக்காகப் போனில் மல்லுக்கு நின்ற தோழி, சனிக்கிழமை முழுக்க என் அறையிலேயே கிடந்து நேரம் பார்த்துச் சொட்டு மருந்து விட்ட நண்பன், எல்லோருக்கும். ரசத்தை ஸ்ட்ரா போட்டுக் குடிக்கலாம் என்று கண்டுபிடித்த அம்மணிக்குத் தனியாக ஒரு கும்பிடு. பேண்டு அப்பாக்களே, என் இடத்தில் வேறொருவரை நிறுத்தி மூன்றாம் எண் ப்ராப்பை (காட்சிக்காக மைதானத்தில் நிறுத்தும், சக்கரம் வைத்த அமைப்பு) போட்டி நடந்த இண்டியானாபோலிஸ் வரை கொண்டுபோய், மைதானத்துக்குள் தள்ளி, பத்திரமாக வெளியே இழுத்துவந்தீர்கள். அதன் ஒரு சக்கரம் இடப்பக்கமாக இழுக்கும் என்று நான் அனுப்பிய நீளமான வாய்ஸ் மெசேஜை யாரும் கிண்டல் செய்யவில்லை. அதற்கும் நன்றி.

மீதி மடல் ஒரே ஒருவரைப் பற்றியது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். ஆனாலும் அவர் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஊரிலிருந்து படிக்கும் உறவுகளுக்காக நாலு வரி. நமக்குப் பேண்டு என்றால் மாப்பிள்ளை அழைப்பில் காருக்கு முன்னால் போகும் செட்டு. இங்கே அது உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பழியாய்க் கிடந்து பழகும் வித்தை. ஆகஸ்டு மாத டெக்சஸ் வெயிலில், தார் போட்ட பார்க்கிங்கில் கோடு போட்டு ஆரம்பிப்பார்கள். ஐந்து கெஜ தூரத்துக்கு 8 காலடி. ஒரு காலடி 22.5 அங்குலம். வாத்தியத்தை ஊதிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பின்னோக்கி நடந்து, அத்தனை பேரும் ஒரே தாளத்தில் ஒரு வளைவாகப் போய் நிற்க வேண்டும். இதற்கு நாட்டின் பெரிய மேடை, பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா நடத்தும் கிராண்ட் நேஷனல்ஸ். 1976இல் விஸ்கான்சினில் உள்ள வைட்வாட்டரில் தொடங்கியது. 2008 முதல் இண்டியானாபோலிஸின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடக்கிறது. நவம்பரில் நூற்றுக்குச் சற்று முன்பின்னாகப் பள்ளிகள் வரும். இறுதிச் சுற்றுக்குப் போவது பன்னிரண்டு. என் மகள் ஊதுவது மெலோஃபோன். பிரெஞ்சு ஹார்ன் குடும்பம்தான், ஆனால் வாய் முன்பக்கம் பார்த்திருக்கும், நடந்துகொண்டே வாசிக்கத் தோதாக.

வெள்ளிக்கிழமை முதல் சுற்றில் தேறிவிட்டார்கள். சனிக்கிழமை அரையிறுதி. இந்த நிலையில் என்னை விட்டுப் போகமாட்டேன் என்று நின்ற மனைவியை விரட்டித்தான் அனுப்பியிருந்தேன். நான் இங்கே டாலஸ் பக்கத்து வீட்டில், மேசையின் ஓட்டைக்குள் முகத்தை வைத்துத் தரைவிரிப்பைப் பார்த்தபடி கிடக்கிறேன். மனைவி போனில் இருக்கிறாள். எங்கள் பள்ளிக்கு முன்னால் ஆடிய பள்ளியை வைத்து ஒத்திகை பார்த்தாள். "இப்ப எல்லாரும் ஓடுறாங்க... ஐயோ, கொடிக்காரப் பொண்ணு தூக்கிப் போட்டுட்டா... புடிச்சிட்டா... இப்ப நிக்கிறாங்க... இல்ல, திரும்ப ஓடுறாங்க." சிரித்தால் கண்ணுக்கு ஆகாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். தமிழ் புரியாவிட்டாலும் யாருக்கோ வர்ணனை போகிறது என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. யாருக்கு என்று கேட்டிருக்கிறார். சொன்னாள். "பிள்ளை என்ன வாத்தியம்? எந்தக் கோட்டில் தொடங்குகிறாள்?" இவ்வளவுதான் அவர் கேட்டது. இடப்பக்கம் 35 கெஜக் கோடு என்பது எங்கள் வீட்டில் சின்னவனுக்குக்கூட மனப்பாடம். கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"நான் பல வருடம் பள்ளிப் பேண்டுப் போட்டிகளுக்கு நடுவராகப் போனவன். இன்று பேரன் வாசிப்பதைப் பார்க்க வந்தேன். டேப்பில் பேசுகிற மாதிரிதான் எனக்குப் பேசத் தெரியும், பரவாயில்லையா?" என்றார்.

நடுவர்கள் வெறுமனே மதிப்பெண் போடுபவர்கள் அல்ல. நிகழ்ச்சி நடக்க நடக்க ஒலிப்பதிவுக் கருவியில் பேசிக்கொண்டே இருப்பார்கள். பின்னால் ஓடும் இசையோடு சேர்த்து அது பேண்டு ஆசிரியருக்குப் போகும். காசெட் காலம் மலையேறி எவ்வளவோ ஆகியும் அதற்கு டேப் என்றே பெயர். அப்படி ஒரு டேப், மேசை ஓட்டையில் முகம் புதைத்துக் கிடந்த எனக்காக ஓட ஆரம்பித்தது.

"உங்கள் மகள் நிற்கிறாள். தோள் நேராக இருக்கிறது. வாத்தியம் பக்கத்தில் இருப்பவர்களோடு ஒரே உயரத்தில். நன்று." அப்புறம் குரல் தாழ்ந்து வேகமெடுத்தது. "கால் இடப்பக்கம் போகிறது, நெஞ்சு நம்மைப் பார்த்தே இருக்கிறது. வளைவு விரிகிறது, விரிகிறது... ஒரு டிரம்பெட் பையன் முந்திவிட்டான். திருத்திக்கொண்டான். உங்கள் மகள் இப்போது பின்கோட்டுக்குப் பக்கத்தில், என்னிடமிருந்து மிகத் தூரத்தில். இந்த இடம் கஷ்டமானது." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ம்ஹூம். பின்வரிசை பிந்துகிறது. முன்னால் மரிம்பாவோடு (குச்சியால் தட்டும் மரக்கட்டை வாத்தியம்) ஒட்டவில்லை. இரண்டு பார் (நம் தாளத்தில் ஆவர்த்தம் மாதிரி)... மூன்று... இதோ, ஒட்டிவிட்டது. சபாஷ், தாங்களாகவே மீட்டுக்கொண்டார்கள்."

சபாஷ் என்று அவர் சொல்லவில்லைதான். அவர் சொன்ன சொல்லுக்கு எனக்கு அப்படித்தான் காதில் விழுந்தது. கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டபடி, தப்பு விழுந்தால் முகம் சுளித்து, சங்கதி விழுந்தால் தலையாட்டும் கிழவர்களின் சாதி அவர்.

பித்தளை வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து முழங்கும் இடத்தில் போனே கிறீச்சிட்டது. அதற்கு மேலே அவர் குரல்: "வந்துவிட்டாள். நடுக் கோட்டில், முன்வரிசையில், உங்கள் மகள்." நண்பன் சொட்டு மருந்துப் புட்டியோடு அப்படியே நின்றுவிட்டான். அரை நிமிடம் கழித்து லேப்டாப்பில் ஓடிய நேரலையில் அதே முழக்கம் மறுபடி வந்தது. அதை அணைக்கச் சொன்னேன்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்? படுக்கையில் விழுந்ததிலிருந்து எல்லோரும் என்னிடம் நோயாளியிடம் பேசுகிற மாதிரியே பேசினீர்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது, பிள்ளை பிரமாதமாகச் செய்கிறாள், நீங்கள் கவலைப்படாதீர்கள். அன்பில் சொன்னதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் குப்புறக் கிடப்பவனுக்குப் பொய் சொல்வது ரொம்பச் சுலபம். அவன் எதைச் சரிபார்க்கப் போகிறான்? அந்தப் பெரியவர் மூன்று பார் பிசகியது என்று சொன்னார் பாருங்கள், அந்த நிமிடத்தில் நான் ஸ்டேடியத்துக்குள் இருந்தேன். பிசகு உண்மை என்றால் நடுக் கோட்டில் அவள் நின்றதும் உண்மை.

இன்னொன்றும் உண்டு. இத்தனை சீசனும் ப்ராப்பைத் தள்ளிவிட்டு மைதானத்தின் ஓரத்தில் நின்றே பார்த்தவன் நான். தரைமட்டத்தில் உருவம் எதுவும் தெரியாது. காலும் ஷூவும்தான் தெரியும். வளைவு விரிவதை முதன்முதலாகப் பார்த்தது கட்டுப்போட்ட கண்ணால்.

பன்னிரண்டில் எங்கள் பள்ளி வரவில்லை. மகள் பஸ்ஸில் அழுதிருக்கிறாள், வீட்டில் சொல்லவில்லை. ராத்திரி இறுதிச் சுற்று நடுவில் அந்தப் பெரியவரே என்னைப் போனில் கூப்பிட்டார். "நான் நடுவராக உட்கார்ந்திருந்தாலும் பன்னிரண்டுக்குள் வைத்திருக்க மாட்டேன். ரொம்பத் தள்ளியும் வைத்திருக்க மாட்டேன்" என்றார். பிறகு அந்தப் பின்வரிசை விவகாரத்தை விளக்கினார். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மைதானத்தின் அகலம் 49 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முன்கோட்டில் அடிக்கும் மரிம்பா பின்கோட்டுக்குப் போய்ச்சேர ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு நொடி. காதை நம்பி வாசித்தால் பார்வையாளருக்குத் திரும்பி வரும்போது பிந்தல் இரட்டிப்பாகும். வேகமான பாட்டில் அது முக்கால் தட்டு. அதனால் பின்னால் நிற்கும் பிள்ளை காதில் விழுவதைப் பொருட்படுத்தாமல், முன்னால் நின்று தாளம் காட்டும் டிரம் மேஜரின் கையை மட்டும் பார்த்து வாசிக்க வேண்டும். முன்னால் இருக்கும் மரிம்பாக்காரர்களோ பின்னாலிருந்து வரும் ஒலியைக் கேட்டு அதோடு ஒட்ட வேண்டும். மூடிய அரங்கில் சுவர் எதிரொலி வேறு. "உங்கள் மகளுக்கு மூன்று பார் காதை மறக்க முடியவில்லை. பதினாறு வயதில் அது பெரிய குற்றமில்லை."

மதிப்பெண் கணக்கையும் அவர்தான் சொன்னார். ஏழு நடுவர்கள். அவர் நடுவராக இருந்த காலத்தில் இரண்டு பேர் மைதானத்துக்குள்ளேயே இறங்கி, நகரும் பிள்ளைகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து நடப்பார்களாம். ஒருவர் வாசிப்பைக் கேட்க, ஒருவர் உடலையும் காலையும் பார்க்க. அப்படி நடந்தபோது ஒருமுறை கொடிக்கம்பு தட்டி அவர் தொப்பி பறந்ததாம். மற்ற ஐந்து பேரும் உயரத்தில். நூறில் இசைக்கு 60, காட்சிக்கு 40. ஆனால் அதையே வேறு விதமாகக் கூட்டினால், துல்லியத்துக்கு 40தான்; பார்ப்பவருக்குள் என்ன நடந்தது என்பதற்கு 60. முதலில் எனக்கு இது அநியாயமாகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

இன்று காலை வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். கேமராக்காரர் ஆளின் முகத்துக்குப் பக்கத்தில் போய்ப் போய்க் காட்டுகிறார், வளைவு விரியும் இடத்தில் யாரோ ஒரு பையனின் தொப்பி இறகு திரை முழுக்க நிற்கிறது. அந்த இடம் தெரியாதவர்களுக்கு அது தெரியாமலே போகும். எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆகவே ஒரு முடிவு. அடுத்த சீசனில் மூன்றாம் எண் ப்ராப்பை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், சக்கரத்தை மட்டும் மாற்றிவிடுங்கள். நான் மேலே, உயரமான வரிசையில் உட்காரப் போகிறேன். வரமுடியாத அப்பா அம்மா, நைட் ஷிப்டில் இருப்பவர்கள், பார்வை மங்கிய தாத்தா பாட்டி, யாருக்கு வேண்டுமோ எண்ணைக் கொடுங்கள். போனில் சொல்கிறேன். தமிழிலும் சொல்கிறேன், இங்கே சனிக்கிழமை மாலை என்றால் ஊரில் ஞாயிறு விடிகாலை, ஆச்சிகள் எழுந்து காபி போடும் நேரம்தான். எதைப் பார்ப்பது என்று பெரியவரிடம் பாடம் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். "ஓடுகிறவனைப் பார்க்காதே, எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள். அசையாமல் நிற்கிறவனைப் பார்" என்பது முதல் பாடம். ஒரே ஒரு நிபந்தனை: உங்கள் பிள்ளை பிசகினால் பிசகினான் என்றுதான் சொல்வேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு எவர்சில்வர் டப்பாக்களும் தூக்குகளும் எங்கள் சமையலறையில் மலையாகக் குவிந்திருக்கின்றன. பாதியில் பெயர் பொறித்திருக்கிறது, மீதிக்குச் சொந்தக்காரர் தெரியவில்லை. ஒரு இட்லித் தட்டுகூடக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வாருங்கள். சாப்பாடு எங்களுடையது.