ரோலின் கடைசிப் படங்கள்

புதுச்சேரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். இடித்துவிட்ட நம் பழைய வீட்டின் திண்ணையும், தெருவில் போகிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்கிய அந்த மரத்தூண் தாழ்வாரமும் தெரிகிற ஒரு படம் வேண்டும் என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்டாய். அந்த ஒரு படத்துக்காக மூன்று நாட்களாக அலமாரியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நாற்பது ஆண்டு நெகட்டிவ்களும் அதில்தான் இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளின் வாசல்கள் மட்டும் இரண்டு பெட்டி. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர், காலை ஒளியிலும் மாலை ஒளியிலுமாக ஒரு பெட்டி. தரங்கம்பாடியில் கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில் இன்னொன்று. நம் வீட்டுத் திண்ணையென்று பெயரெழுதிய உறை ஒன்றுகூட இல்லை.

காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அழியப் போவது எதுவோ அதைத் தேடித்தான் ஊர் ஊராக அலைந்தேன். தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய திண்ணையும் அந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த ஊரைப் பொறுத்தும் அப்படித்தான் இருந்தேன். கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் நின்ற, நகராட்சி அலுவலகமாக இருந்த மேரி கட்டடத்தைக் கடந்து ஆயிரம் முறையாவது நடந்திருப்பேன். வெளிச்சம் சரியில்லை, மழைக்காலம் முடியட்டும் என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டேன். 2014 நவம்பர் 29 அன்று மழையில் அது சரிந்து விழுந்தபோது நான் ஹம்பியில் வேறு யாருடைய இடிபாடுகளையோ படமெடுத்துக்கொண்டிருந்தேன். 2021இல் திறந்த புதிய கட்டடம் பழையதைப் போலவே இருக்கிறது. குறை சொல்லவில்லை, ஆனாலும் அதன் முன்னால் கேமராவை எடுக்கக் கை வரவில்லை. 2022 மார்ச்சில் ஒரு பகுதி கடலில் விழுந்த துறைமுகப் பாலம் மட்டும் என்னிடம் ஏராளமாக இருக்கிறது. வெளியூர்ப் படக்காரர்கள் விடியற்காலையில் ட்ரைபாடை நிறுத்துகிற இடம் அது, நானும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கிறேன்.

போனதெல்லாம் போனதுதான் என்றும் சொல்வதற்கில்லை. நீ வளர்ந்த காலத்தில் நம் கடற்கரையில் மணலே கிடையாது, கருங்கற்கள்தான். அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புகள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்துவிட்டன. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு மணல் திரும்பச் சேர்ந்திருக்கிறது. இப்போது பிள்ளைகள் அங்கே பந்து விளையாடுகிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிடக் குழப்பமே அதிகம் இருந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் வில்லியனூர்ப் பக்கம் ஓர் அய்யனார் கோயிலில், மழையில் கரைந்து முகம் போன மண் குதிரை ஒன்றைக் குனிந்தும் படுத்தும் எடுத்துக்கொண்டிருந்தேன். குதிரை செய்கிற பெரியவர் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, நல்ல குதிரை அந்தப் பக்கம் இருக்கிறதே, இதை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். பழமையைக் காப்பதைப் பற்றி நான் ஏதோ நீளமாகச் சொன்னேன். இது போனால்தானே அடுத்தது வைக்க முடியும் என்று அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் பிள்ளைகள் யாரும் மண்ணில் கை வைப்பதில்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். குதிரையை எடுத்த அன்று அவருடைய கையை ஒரு படமாவது எடுத்திருக்கலாம்.

உன் படத்துக்கு வருகிறேன். நேற்று மாலை பழைய உறை ஒன்றைத் திறந்ததும் காடி நெடி அடித்தது. அசிடேட் ஃபிலிம் கெடத் தொடங்கினால் அப்படித்தான் புளித்து நாறும்; கடலோர ஈரக்காற்றில் அது இன்னும் சீக்கிரம் வரும். நெளிந்துபோன அந்தச் சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் என் பழைய கஞ்சத்தனம் நினைவுக்கு வந்தது. 36 படம் கொண்ட ரோலில் பயணம் முடிந்து திரும்பும்போது இரண்டு, மூன்று மிஞ்சியிருக்கும். அதற்காகக் கழுவாமல் வைத்திருக்கப் பொறுமை இருக்காது, வீணாக்கவும் மனம் வராது. வீட்டு வாசலில் நின்றபடி எதையாவது எடுத்து ரோலை முடித்துவிடுவேன். ஃபோகஸ்கூடச் சரியாக வைத்ததில்லை. பிறகு மற்ற உறைகளிலும் ரோலின் கடைசித் துண்டை மட்டும் தேடினேன். பதினொரு படங்கள் கிடைத்தன. அம்மா முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்குகிறாள். பாட்டியின் வெற்றிலை உரல் திண்ணை விளிம்பில் இருக்கிறது, பாட்டி இல்லை. சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் உன் சைக்கிள் சாய்ந்திருக்கிறது, அதற்குப் பின்னால் தாழ்வாரம் முழுவதும் தெரிகிறது.

பதினொன்றையும் ஸ்கேன் செய்து இத்துடன் அனுப்புகிறேன். நெகட்டிவ்களைத் தூக்கிப்போடச் சொல்லாதே, நான் இருக்கும்வரை இருக்கட்டும். ஏழாவது படத்தில் மட்டும் எனக்கு ஒரு சந்தேகம். இடப்பக்கத் தூணை ஒரு சிறிய கை பிடித்திருக்கிறது, விரல்நுனிகளில் மருதாணி. ஆள் படத்துக்கு வெளியே. நீதான் என்கிறாள் அம்மா. எதிர்வீட்டுப் பெண்ணாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. பெரிதாக்கிப் பார்த்துவிட்டு யாரென்று எழுது.

அன்புடன்,
அப்பா