சின்சினாட்டியின் அடையாளங்களை ஆறு கொண்டுபோகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஆற்றங்கரை நகரங்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். சின்சினாட்டியைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை என்பதால் மகிழ்ச்சி இரட்டிப்பானது. ஆயினும் அந்நகரின் பழைய அடையாளங்களையும் பொழுதுபோக்கிடங்களையும் 1937ஆம் ஆண்டு ஒஹாயோ ஆற்று வெள்ளம் அழித்துவிட்டதாகக் கட்டுரையில் சொல்லப்பட்டிருப்பது சரியன்று. முப்பத்தெட்டு ஆண்டுகளாக இந்நகரை ஒட்டி வாழ்ந்து, என் பிள்ளைகளையும் இங்கேயே வளர்த்தவள் என்ற முறையில் இதைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன்.

அந்த வெள்ளம் பெரியதுதான். ஐம்பத்திரண்டு அடியைத் தொட்டாலே அபாயம் என்று கருதப்படும் ஆறு, 1937 ஜனவரி 26 அன்று ஏறத்தாழ எண்பது அடிக்கு உயர்ந்தது. பேஸ்பால் அணியான ரெட்ஸின் குராஸ்லி ஃபீல்டு மைதானத்தில் இருபது அடிக்கும் மேல் தண்ணீர் நின்றது. அந்த அணியின் பந்துவீச்சாளர் லீ கிரிசம் படகிலேறி மைதானத்தின் சுற்றுச்சுவருக்கு மேலாகவே மிதந்து சென்ற புகைப்படத்தை இன்றும் இங்குள்ளவர்கள் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் அதே மைதானத்தில் ஆட்டம் தொடங்கிவிட்டது. வெள்ளத்தில் மூழ்கிய கோனி ஐலண்டு கேளிக்கைப் பூங்காவும் சேற்றை வாரியெறிந்துவிட்டு அந்தக் கோடையிலேயே வாயிலைத் திறந்தது. ஆறு வந்தது, போனது. ஊர் கழுவித் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றது.

பிறகு எவை மறைந்தன, எப்படி மறைந்தன என்று பார்த்தால், பெரும்பாலும் மனிதர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தே அவற்றை அகற்றியிருக்கிறார்கள். நகரின் நடுப்பகுதி ஆற்றங்கரைச் சமவெளியிலும் குடியிருப்புகள் சுற்றியுள்ள குன்றுகளிலும் இருந்ததால், 1870களிலிருந்து ஐந்து குன்றுகளில் விஞ்ச் ரயில்கள் ஓடின. அவற்றுள் மவுண்ட் ஆடம்ஸ் விஞ்ச், டிராம் வண்டியைப் பயணிகளோடு அப்படியே ஒரு மேடையில் ஏற்றி, கம்பிவடத்தால் மேலே இழுத்துச் சென்றது. குன்றுகளின் உச்சியில் இருந்த பெரிய கேளிக்கை விடுதிகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மானியக் குடும்பங்கள் இசை கேட்டபடி பீர் அருந்தின. பிரைஸ் ஹில்லில் மட்டும் மதுவுக்கு இடமில்லாததால் அதற்கு 'மோர் மலை' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டாம். பழுதுபார்க்கும் செலவைக் காரணம் காட்டி மவுண்ட் ஆடம்ஸ் விஞ்ச் 1948இல் நிறுத்தப்பட்டது; பிறகு பிரித்தெடுத்து விட்டார்கள். டிராம்களும் 1951இல் ஓய்ந்தன. இதே ஆற்றின் கரையிலுள்ள இன்னொரு நகரமான பிட்ஸ்பர்க் தன்னுடைய இரண்டு விஞ்ச்களை இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

வைன் தெருவில் இருந்த பழைய பொது நூலகத்தை நினைத்தால் இன்னும் வருத்தம். 1874இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் நடுக்கூடத்தைச் சுற்றி வார்ப்பிரும்பு மாடங்களில் ஐந்து அடுக்குகளாகப் புத்தகங்கள் உயர்ந்து நிற்கும் படம் உலகெங்கும் பகிரப்படுகிறது. பார்ப்பவர்கள் அங்கே போக வழி கேட்கிறார்கள். அது 1955இலேயே இடிக்கப்பட்டது என்றும், அந்த இடத்தில் கார் நிறுத்தகம் வந்துவிட்டது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டில் வாழ்ந்து மறைந்த ஒரு மூதாட்டிக்கு இவை எல்லாவற்றையும்விட 'ஐலண்டு குவீன்' என்ற நீராவிக் கப்பல்தான் பெரிது. 1925இல் வெள்ளோட்டம் விடப்பட்ட அந்தக் கப்பல் ஐந்து தளங்களோடு நாலாயிரம் பேரை ஏற்றக்கூடியது. நகரத் துறையிலிருந்து ஆற்றின் எதிரோட்டத்தில் சுமார் பத்து மைல் போய்க் கோனி ஐலண்டில் இறக்கிவிடும். நீராவியில் இசைக்கும் கலியோப்பின் ஓசை குன்றுகளில் மோதித் திரும்புவதை, தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே கேட்டதாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். 1947 செப்டம்பரில் பிட்ஸ்பர்க் துறையில் நின்றபோது வெல்டிங் வேலையில் தீப்பற்றி அது வெடித்துச் சிதறியது. கப்பல் பணியாளர்கள் பத்தொன்பது பேர் இறந்தார்கள். என் நினைவில் உள்ள பெரிய அடையாளங்களில் விபத்தால் மறைந்தது இது ஒன்றுதான்.

கோனி ஐலண்டின் ராட்டினங்கள் பலவும் 1971ஆம் ஆண்டுக் கோடைக்குப் பிறகு நகருக்கு வடக்கே புதிதாக அமைந்த கிங்ஸ் ஐலண்டு என்ற பூங்காவுக்குப் போயின. அடிக்கடி வந்த வெள்ளமும் அந்த இடமாற்றத்துக்கு ஒரு காரணம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் 1925இல் கட்டப்பட்ட சன்லைட் நீச்சல்குளம் பழைய இடத்திலேயே நின்றது. இருநூறு அடி அகலமும் நானூறு அடி நீளமும் கொண்ட அந்தக் குளத்தில்தான் என் மகளும் மகனும் நீந்தக் கற்றார்கள். 2023 டிசம்பரில், இனி குளம் திறக்காது, இசையரங்கம் வரப்போகிறது என்று அறிவித்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு என் மகள் தொலைபேசியில் அழுதாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பூங்காவும் குளமும் எல்லோருக்கும் இனிய நினைவு அல்ல. கறுப்பின மக்களுக்கு அங்கே நெடுங்காலம் அனுமதி இல்லை. விளம்பரத்தைக் கேட்டு ஆசைப்பட்ட தம் பிள்ளைகளை அழைத்துப்போக முடியாத மரியன் ஸ்பென்சர் வழக்குத் தொடுத்துப் போராடினார். 1955இல் பூங்கா திறந்துவிடப்பட்டது, குளமோ 1961 வரை திறக்கவில்லை. அதே மரியன் ஸ்பென்சர்தான் 1983இல் சின்சினாட்டி நகர மன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண். என் பிள்ளைகள் தயக்கமின்றி இறங்கிய தண்ணீரில் அவர் வழக்காடியதன் பயன் கலந்திருந்தது என்பதை நான் இந்த ஊருக்கு வந்து பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். அதை முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லாமல் போனோமே என்ற குறை எனக்கு உண்டு.

அடையாளங்கள் என்றால் கட்டடங்களும் ராட்டினங்களும் மட்டும்தானா? குராஸ்லி ஃபீல்டு, பெரிய அணிகளின் பேஸ்பால் வரலாற்றில் முதல் இரவாட்டம் 1935 மே 24 அன்று நடந்த இடம். வெள்ளை மாளிகையிலிருந்து அதிபர் ரூஸ்வெல்ட் பொத்தானை அழுத்த, மைதானத்தில் விளக்குகள் எரிந்தன. 1970இல் அங்கே கடைசி ஆட்டம் நடந்தது, இரண்டாண்டில் அது தரைமட்டமானது. அதைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆனால் அதை அடுத்திருந்த வெஸ்ட் எண்டின் கென்யன்-பார் பகுதியில், நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் இடம் வேண்டும் என்று 1950களின் இறுதியிலிருந்து தெருத்தெருவாக வீடுகள் இடிக்கப்பட்டு, இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அங்கிருந்த தேவாலயங்களும் முடிதிருத்தகங்களும் மூலைக்கடைகளும் அவர்களுடைய அடையாளங்கள் அல்லவா?

இடிப்பதற்கு முன் நகராட்சியே அந்தக் கட்டடங்களை ஒவ்வொன்றாக, எண் எழுதிய பலகையோடு படமெடுத்து வைத்தது. அந்தப் படங்கள் பழைய யூனியன் டெர்மினல் ரயில் நிலையத்தில் இயங்கும் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. சிலவற்றில் வாசற்படியில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெள்ளம் பற்றிய தகவலை அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு வேண்டுகிறேன். கட்டுரையாளர் இந்தத் தொடரைத் தொடர்வதாக இருந்தால், சின்சினாட்டிக்கு ஒருமுறை வந்து அந்தப் படங்களையும் பார்க்க வேண்டும். அவர் வந்தால், மைதானம் இருந்த இடத்துக்கும் பழைய விஞ்ச் ஏறிய குன்றுக்கும் நானே அழைத்துச் செல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மேசன், ஒஹாயோ