கேஷுவல்டிக்கு ஒரு ஸ்கேன் கருவி கொடுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். வட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவர் நான்.

"மத்தியானத்திலிருந்து ஒண்ணுக்கே போகலை டாக்டர்" என்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் பெரியவர்களைப் பார்க்காத வாரமே எனக்கு இல்லை. பெரும்பாலும் புராஸ்டேட் சுரப்பி வீங்கி, நீர் போகும் வழியை அடைத்திருக்கும். அவர்களால் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. யூரின் டியூப் போட்டுப் பை நிறைய நிறைய அந்த முகம் தெளிவதைப் பார்த்தாலே நமக்கும் மூச்சு வரும்.

சென்ற ஆண்டு வந்த ஒருவருக்கு அப்படி நடக்கவில்லை. டியூப் முழுசாக உள்ளே போனது போலத்தான் இருந்தது. நீர் வரவில்லை. வழுக்கிப் போகத் தடவிய ஜெல்லி அடைத்திருக்கும் என்று நினைத்து, டியூப் நழுவாமல் இருக்க அதன் நுனியருகே உள்ள பலூனுக்குள் தண்ணீர் ஏற்றிவிட்டேன். அவர் போட்ட அலறல் வார்டு வரை கேட்டது. டியூப் வழியிலேயே சுருண்டு, பலூன் நீர்ப்பைக்குப் போகாமல் நீர்த்தாரைக்குள், அதாவது சிறுநீர் வெளியேறும் குழாய்க்குள், விரிந்திருந்தது. விரிப்பெல்லாம் ரத்தம். உடனே தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். புண் ஆறியபோது நீர்த்தாரை சுருங்கிப்போய், மாதக்கணக்கில் அலைந்தார்.

நீர் வராமல் பலூனை ஊதக் கூடாது என்பது மாணவப் பருவத்திலேயே படித்த பாடம். தவறு என்னுடையதுதான். ஆனால் அந்தத் தவறைத் தடுத்திருக்கக்கூடிய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவி, அதே கட்டடத்தில் பூட்டிய ஸ்கேன் அறைக்குள் இருந்தது.

அடிவயிற்றில், இடுப்பின் முன்னெலும்புக்குச் சற்று மேலே, கருவியின் புரோபை (உடலில் வைத்துப் பார்க்கும் கைப்பிடியை) வைத்தால் நிறைந்த நீர்ப்பை கறுப்பாகத் தெரியும். பலூன் சரியான இடத்தில் விரிந்தால் அந்தக் கறுப்புக்குள் ஒரு வெள்ளை வளையம் தெரியும். இரண்டு சொட்டுத் தண்ணீர் ஏற்றும்போதே பார்த்து நிறுத்திக்கொள்ளலாம். சிலருக்கு நீர்ப்பையே காலியாக இருக்கும், கோளாறு சிறுநீரகத்தில். அதுவும் டியூப் போடும் முன்பே தெரிந்துவிடும்.

டியூப் போகவே மறுத்தால் அடிவயிற்றில் துளையிட வேண்டிவரும். அங்கேதான் எனக்கு அதிகம் பயம். முன்பு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் குடல் ஒட்டிக்கொண்டு குறுக்கே நிற்கலாம். இப்படிக் குடல் துளைபட்டு உயிரிழப்புகள் நேர்ந்த பிறகு, முடிந்த இடத்திலெல்லாம் அல்ட்ராசவுண்ட் பார்த்தே செய்யுங்கள் என்று பிரிட்டனின் நோயாளர் பாதுகாப்பு முகமை 2009இல் எச்சரித்தது. நம் கேஷுவல்டியில் இன்னும் விரலால் தட்டிப் பார்த்துத்தான் குத்துகிறோம்.

கருவி பூட்டியிருப்பதற்குக் காரணம் தெரியும். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கருவிக்கும், அது இருக்கும் இடத்துக்கும், இயக்குபவருக்கும் பதிவு வேண்டும். பெண் சிசுக்கொலைக்குப் பெயர் அடிபட்ட உசிலம்பட்டியை மறக்காத யாரும் அந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் எழுபது வயது ஆணின் நீர்ப்பைக்கும் அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

நான் கேட்பது இதுதான். கேஷுவல்டிக்கென்று ஒரு கருவி, அதற்குத் தனிப் பதிவு. முதலில் ஆண் நோயாளிகளுக்கு மட்டும் என்றாலும் சரி. யாருக்கு, எதற்கு, எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதி, சாவியைப் பொறுப்புச் செவிலியரிடம் வைக்கலாம். பணி மருத்துவர்களுக்கு மருத்துவக் கல்லூரிகளில் பயிற்சி கொடுங்கள். விதி குறுக்கே நின்றால், திருத்தச் சொல்லி டெல்லிக்கு எழுதுங்கள்.

பயிற்சிக்கு முதல் ஆளாக நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பணி மருத்துவர்