சுழல்கதவு எண்ணாத பிள்ளைகள்

வட இங்கிலாந்தின் ரக்பி லீக் கிளப்புகளில் பழைய நினைவுகளைக் காக்கும் மரபுப் பணி பார்க்கும் குழுக்களுக்கு,

வணக்கம்.

1954 மே 5 மாலை, பிராட்ஃபோர்டின் ஓட்சால் மைதானத்தில் வாரிங்டனும் ஹாலிஃபாக்ஸும் சாலஞ்ச் கோப்பைக்காக இரண்டாம் முறை மோதின. வெம்ப்ளியில் 4-4 என்று சமனில் முடிந்த இறுதியாட்டத்தின் மறு ஆட்டம் அது. வாரிங்டன் 8-4 என்று வென்றது. வந்தவர்கள் 1,02,569 பேர் என்று ஏட்டில் இருக்கிறது. இது சுழல்கதவுக் கணக்கு. வேலி தாண்டி உள்ளே வந்தவர்கள் இதில் சேர மாட்டார்கள். அப்பாவோ தாத்தாவோ அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கதவுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்ட பிள்ளைகளும் சேர மாட்டார்கள். கதவு சுழன்றால்தான் எண் ஏறும். தலைக்கு மேலே போன பிள்ளைக்கு ஏறாது. முதல் ஆட்டம் பார்க்க வருபவர்களில் பாதிப் பேர் இந்தப் பிள்ளைகள்தானே! அன்று ஏழு வயதாக இருந்தவர் 1947ஐ ஒட்டிப் பிறந்தவர். இவர்களின் நினைவுகளைப் பதிவு செய்ய எதற்கு இவ்வளவு அவசரம் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

ரசிகர்களின் முதல் ஆட்ட நினைவுகளைத் திரட்டப் பல கிளப்புகள் முன்வருவது நல்ல செய்தி. ஆனால் 'நீங்கள் பார்த்த முதல் ஆட்டம் எது? யார் வென்றார்கள்?' என்று கேட்கும் ஒரு பக்கப் படிவத்தைக் கடை மேசையில் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஆட்ட முடிவு பழைய செய்தித்தாளில் கிடைக்கும். எந்தப் பேருந்தில் ஏறினார்கள், யார் கையைப் பிடித்து நடந்தார்கள், பெரியவர்களின் மேலங்கிகளுக்கு இடையிலிருந்து களத்தில் எவ்வளவு தெரிந்தது என்பது வேறெங்கும் கிடைக்காது. ஆகவே கேள்வியை வீட்டு வாசலிலிருந்து தொடங்குங்கள்: என்ன உடுத்தியிருந்தீர்கள், மைதானத்துச் சத்தம் எந்தத் தெருவில் முதலில் காதில் விழுந்தது, எந்தக் கதவு வழியாகப் போனீர்கள், எங்கே நின்றீர்கள், பக்கத்தில் நின்றவர் யார், கையில் என்ன இருந்தது. ஆட்டத்தைப் பற்றிக் கடைசியில் கேளுங்கள். முதலிலேயே கேட்டால் அவர் பரீட்சை எழுதுகிறவர் போல ஆகிவிடுவார். தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் தெரிந்ததையும் விழுங்கிவிடுவார்.

இன்னொன்று, முதலில் போன ஆட்டமும் முதலில் நினைவில் நிற்கும் ஆட்டமும் பெரும்பாலும் ஒன்றல்ல. நான்கு வயதில் தூக்கிக்கொண்டு போனதை வீட்டார் சொல்லித்தான் தெரியும்; எட்டு வயதில் பார்த்தது கண்ணில் நிற்கும். இரண்டுக்கும் தனித்தனியாக இடம் விடுங்கள்.

தேதி தெரியாது என்று சொல்பவரிடம் தேதியைக் கேட்டுத் துளைக்காதீர்கள். இந்த ஆட்டத்தின் விதிகளே நாட்காட்டி. பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிளுக்கு 1966 வரை எண்ணிக்கை வரம்பே கிடையாது. ஒரே அணி நெடுநேரம் பந்தைத் தன்னிடமே வைத்திருக்கலாம். அந்த ஆண்டு நான்கு டேக்கிள் என்று வரம்பு வந்தது, 1972இல் அது ஆறானது. 'நடுவர் நாலு எண்ணுவார்' என்று ஒருவர் சொன்னால் அந்த ஆறு ஆண்டுகளுக்குள் தேடினால் போதும். எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிக்கும் டிரைக்கு மூன்று புள்ளி என்றால் 1983க்கு முன்பு. பந்தைத் தரையில் விட்டு, எழும்போதே கம்பங்களுக்கு இடையே உதைக்கும் டிராப் கோலுக்கு இரண்டு புள்ளி என்றால் 1974க்கு முன்பு. அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடும் ஆட்டம் இது. அடிபட்டவருக்கு மாற்று ஆள் இல்லாமல் பன்னிரண்டு பேரோடு ஆடி முடித்தார்கள் என்றால், மாற்று ஆட்டக்காரர்களுக்கு அனுமதி வந்த 1964க்கு முன்பாக இருக்கலாம். ஆனால் இதை மட்டும் நம்பி எழுதாதீர்கள், ஒருவரை நடுவர் வெளியேற்றியதாலும் பன்னிரண்டு பேர் ஆகியிருக்கும்.

விதி நினைவில்லாதவருக்குக் காசு நினைவிருக்கும். பழைய நாணயமான ஷில்லிங்கில் கட்டணம் சொன்னால் 1971 பிப்ரவரி 15க்கு முன்பு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் 1967 டிசம்பருக்கு முன்னால் போகாது. அப்போது ஞாயிறன்று நுழைவுக்குக் காசு வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் கிளப்புகள் ஆட்ட மலரை, அதாவது அணிப் பட்டியல் அச்சிட்ட சிறு புத்தகத்தை, காசுக்கு விற்று, ஆளை இலவசமாக உள்ளே விட்டன. 'டிக்கெட்டே வாங்கவில்லை, புத்தகம்தான் வாங்கினோம்' என்று யாராவது சொன்னால் மறதி என்று அடித்துவிடாதீர்கள், அது துல்லியமான சாட்சி. செவ்வாய் இரவு, விளக்கொளி, பிபிசி கேமரா என்று வந்தால் 1965இல் தொடங்கிய ஃபிளட்லிட் கோப்பையைப் பாருங்கள். செயின்ட் ஹெலன்ஸ் சட்டையில் சிவப்பில் ஆங்கில 'வி' (V) வடிவப் பட்டை இருந்ததென்றால் 1961 சாலஞ்ச் கோப்பை இறுதியாட்டமோ அதற்குப் பிறகோதான். ஆட்டக்காரரின் முதுகில் 13க்கு மேற்பட்ட எண்ணோடு பெயரும் இருந்ததென்றால் 1996 அல்லது அதற்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளலாம். மேல்மட்டப் போட்டியான சூப்பர் லீகும் கோடைகால ஆட்டமும் தொடங்கிய ஆண்டு அது. சேறும், இரு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்கிரமிலிருந்து எழும் ஆவியும் பேச்சில் வந்தால் அதற்கு முந்தைய குளிர்காலங்கள். 1963 ஜனவரி, பிப்ரவரி என்று யாராவது உறுதியாகச் சொன்னால் மட்டும் சற்று நில்லுங்கள். கடும் உறைபனியில் பெரும்பாலான ஆட்டங்கள் நடக்கவே இல்லை.

மைதானமும் காலம் காட்டும். ஹடர்ஸ்ஃபீல்டு கிளப் ஃபார்டவுனை விட்டது 1992இல். 1994இல் அங்கே பார்த்தேன் என்பவர் வேறொரு ஆண்டையோ வேறொரு மைதானத்தையோ சொல்கிறார். மற்ற கிளப்புகள் தம் பழைய மைதானத்தை விட்ட ஆண்டுகள்: ஓல்டமின் வாட்டர்ஷெடிங்ஸ் 1997, ஹாலிஃபாக்ஸின் த்ரம் ஹால் 1998, விகனின் சென்ட்ரல் பார்க் 1999, ஹல்லின் பூல்வார்டு 2002, வாரிங்டனின் வில்டர்ஸ்பூல் 2003, செயின்ட் ஹெலன்ஸின் நோஸ்லி ரோடு 2010. த்ரம் ஹாலும் சென்ட்ரல் பார்க்கும் இருந்த இடத்தில் இன்று பல்பொருள் அங்காடிகள். த்ரம் ஹாலின் சரிவை நின்று பார்த்தவர்தான் சொல்ல முடியும். பூல்வார்டின் திரீபென்னி ஸ்டாண்டில் எழுந்த சத்தமும் அப்படித்தான். மூடிய மைதானங்களில் நின்றவர்களை முதலில் பதிவு செய்யுங்கள். லீட்ஸின் ஹெடிங்லி மைதானத்து ரசிகர் அடுத்த மாதம் வரை காத்திருக்கலாம், மைதானம் அங்கேயே இருக்கிறது.

பழைய ஆட்ட மலரைச் சாட்சியாக எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. அதிலுள்ள அணிப் பட்டியல் ஆட்டத்துக்கு முன்பே அச்சானது. களமிறங்கியவர்கள் வேறாக இருக்கலாம். 'ஏ. என். அதர்' என்றொரு பெயர் இருந்தால் அப்படி ஒரு ஆட்டக்காரரைத் தேடி அலையாதீர்கள். பெரும்பாலும் பெயரை மறைத்துச் சோதனைக்கு ஆடவைத்த ஆளுக்கு அச்சில் வைத்த பெயர் அது. அச்சைவிட முக்கியம், பென்சிலால் அடித்துத் திருத்திய பெயர்களும் பிள்ளைக் கையெழுத்தில் குறித்த புள்ளிகளும். அந்தப் பக்கத்தைத் தனியாகப் படமெடுங்கள். துருவேறிய ஊக்கைப் பிடுங்காதீர்கள், தாள் கிழிந்துவிடும்.

இனி பதிவு. கைபேசியில் வேண்டாம் என்று சொல்லவில்லை; ஆனால் பத்துப் பேருக்கு மேல் பேசவைக்கப் போகிறீர்கள் என்றால் தனிப் பதிவுக் கருவியும் சட்டையில் குத்தும் ஒலிவாங்கியும் வாங்கிவிடுங்கள். மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்தினால் போதும். வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்டீரியோவில் மணிக்குச் சுமார் 1 ஜிகாபைட் ஆகும், மோனோவில் பாதி. இடம் மிச்சம் பிடிக்க எம்பி3இல் பதியாதீர்கள். போன ஒலி திரும்ப வராது. சமையலறையில் உட்கார்ந்தால் குளிர்பெட்டியின் உறுமல் பேச்சு முழுக்க ஓடும். அதை அணைத்தால் திரும்பப் போட மறப்பீர்கள், ஆகவே உங்கள் கார் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். மலரைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டேதான் பேசுவார்கள், அந்தச் சரசரப்பு சொற்களைத் தின்றுவிடும். மேசையில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் மலரை வையுங்கள்.

கேட்பவர் 'ம்', 'அப்படியா' என்று சொல்லக் கூடாது, தலையசைத்தால் போதும். பதில் முடிந்ததும் மூன்று விநாடி சும்மா இருங்கள். நல்ல செய்தி பெரும்பாலும் அந்த மூன்று விநாடிக்குப் பிறகுதான் வரும். கணவன் மனைவியை ஒரே அறையில் வைத்துக் கேட்டால் ஒருவர் மற்றவரின் ஆண்டைத் திருத்திக்கொண்டே இருப்பார். தனித்தனியாக முடித்துவிட்டு, சண்டையும் வேண்டும் என்றால் பிறகு சேர்த்து வையுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எவரையும் உட்காரவைக்காதீர்கள்.

ஒப்புதல் கையெழுத்தைப் பதிவு முடிந்த அன்றே வாங்குங்கள். பிரிட்டிஷ் சட்டப்படி பேசியவரின் சொற்களுக்கு உரிமை அவருடையது, ஒலிப்பதிவின் உரிமை வேறு. கையெழுத்து இல்லாமல் அவர் காலமாகிவிட்டால் வாரிசுகளைத் தேடிப் போக வேண்டியிருக்கும், அதுவரை பதிவு பெட்டிக்குள்தான். பேச்சில் பக்கத்து வீட்டுக்காரர், குடித்துவிட்டு வந்த சித்தப்பா என்று மூன்றாம் நபர்கள் வருவார்கள். அந்த நிமிடத்தைக் குறித்துவைத்து, வெளியிடும் பிரதியில் பெயரை எடுத்துவிடுங்கள். மூலத்தில் கைவைக்காதீர்கள். மூன்று பிரதி, அதில் ஒன்றாவது வேறு ஊரில். ஹடர்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழகத்தின் ஹெரிட்டேஜ் கீ காப்பகத்தில் ரக்பி ஃபுட்பால் லீக்கின் ஆவணங்கள் இருக்கின்றன. முதல் பதிவுக்கு முன்பே அங்கே எழுதி, எந்த வடிவில் ஏற்பார்கள் என்று கேளுங்கள்.

எழுத்துப்படி எடுக்கும்போது ஹல் பேச்சை ஹல் பேச்சாகவும் விகன் பேச்சை விகன் பேச்சாகவும் விடுங்கள். தப்பான புள்ளிக் கணக்கையும் பேசியபடியே எழுதிவிட்டு, சரியானதை ஓரக் குறிப்பில் போடுங்கள். தோற்ற ஆட்டத்தை வென்றதாக ஒருவர் அறுபது ஆண்டு நினைத்திருந்தால், அதுவும் அந்தக் கிளப்பின் வரலாறுதான். அவர் முகத்துக்கு நேரே திருத்தினால் அடுத்த வாக்கியம் வராது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பழைய மைதானத்தின் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு எடுத்துப் போங்கள். கதவுகள், நின்று பார்க்கும் படிக்கட்டுகள், கழிப்பறை, 'பை' (pie) பண்டம் விற்ற கடை எல்லாம் அதில் இருக்கட்டும். உள்ளே வந்த கதவையும் நின்ற இடத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். பென்சில் கொடுங்கள், பேனா வேண்டாம். புள்ளி இரண்டு மூன்று முறை இடம் மாறும், மாறும்போது அவர் பேசிக்கொண்டிருப்பார். ஒலிவாங்கியை அணைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ரசிகர் நினைவுகளைப் பதிவு செய்யும் சிலர்