செவ்வாயும் வியாழனும் ஐந்தரை மணிக்கு அனுப்பி வையுங்கள்: திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கு, வணக்கமுங்க.

திருப்பூரை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் உங்கள் கம்பெனிகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். ஒருவரின் அம்மா செக்கிங், இன்னொருவரின் அப்பா ஓவர்லாக் தையல், துணி மடிக்கும் கைமடி வேலைக்குப் போகும் அம்மாக்கள் நாலைந்து பேர். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், பள்ளி விடும் வரைதான் அவர்கள் என் பொறுப்பில் இருக்கிறார்கள். அதற்கப்புறம் அந்த வீடுகள் உங்கள் கம்பெனி நேரப்படிதான் நடக்கின்றன.

ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை 8.30 முதல் இரவு 8.30 வரை; சாயங்காலம் 5.30-க்கு மேல் பார்ப்பது அரை ஷிப்ட். வண்டி பிடித்து, வழியில் மாவு வாங்கி, லைன் வீட்டுக்கு வந்து தோசைக்கல்லை வைக்கும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடுகிறது. பள்ளி விட்டு வந்த பிள்ளை அதுவரை கையில் செல்போனோடு ஒற்றை அறையில் உட்கார்ந்திருக்கும். ஊரில் அம்மிச்சியோ அப்பாரோ, அதாவது பாட்டியோ தாத்தாவோ, இருப்பவர்களுக்குப் பரவாயில்லை. தேனியில் இருந்தும் தஞ்சாவூரில் இருந்தும் பிழைக்க வந்தவர்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? அம்மா வரும்போது பல பிள்ளைகள் தூங்கிப் போயிருக்கும். எழுப்பிச் சோறு ஊட்டுவாளா, நோட்டை எடுக்கச் சொல்வாளா?

ஏழெட்டு வயதில் படிக்கும் பழக்கம் என்று நான் சொல்வது மணிக்கணக்காக எழுத வைப்பதை அல்ல. முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2020-இல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பை கொள்கை, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும் என்கிறது. எனக்கு அப்படி எழுத்து வேலைகூட வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், இருபது நிமிடம் போதும். ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கட்டும், ஒரு வாய்ப்பாடு சொல்லட்டும், மறுநாள் பையைத் தானே எடுத்து வைக்கட்டும். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் ஆயிற்று. அவருக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. "எனக்கு எழுத்தே தெரியாதுங்க டீச்சர், நான் என்னத்தச் சொல்லித் தர்றது?" என்று ஓர் அம்மா கேட்டார். நீங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள், அவன் கதையைப் படித்து முடித்ததும் 'அப்புறம் அந்த நரி என்ன பண்ணுச்சு கண்ணு?' என்று ஒரு கேள்வி கேளுங்கள் என்றேன். தான் படிப்பதை அம்மா கேட்கிறாள் என்பதற்காகவே அவன் தினமும் புத்தகத்தை எடுப்பான்.

டியூஷனுக்கு அனுப்புகிறோமே என்பார்கள் சில பெற்றோர். அங்கே வேறொருவர் சொல்லச் சொல்ல எழுதி முடித்துவிட்டு வருகிறார்கள். நோட்டு நிரம்புகிறது. தானாக உட்காரும் பழக்கம் அதில் வருவதில்லை.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டதும் எங்கள் பக்கத்துச் சில கம்பெனிகளில் அரை ஷிப்ட் நின்றது. வீடுகளில் பணக் கஷ்டம். அந்த வாரங்களை நல்ல காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பில் ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் பிள்ளைகளைத் திறன்படி அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்கார வைப்போம். மாதக்கணக்கில் அரும்பிலேயே இருந்த ஒரு பெண் குழந்தை, எழுத்துக் கூட்டி முழு வரி படித்தாள். என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். "அப்பா இப்பச் சீக்கிரம் வந்துருதுங்க மிஸ், நான் படிச்சுக் காட்டறேன்" என்றாள். ஆர்டர் இல்லாத காலத்தில்தான் அந்தக் குழந்தைக்கு அப்பா கிடைத்தார் என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

காலை நேரத்தைச் சரிசெய்ய முடிந்ததையும் பார்த்தோம். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. முன்பெல்லாம் பெற்றோர் கம்பெனிக்குக் கிளம்பிய பிறகு பிள்ளைகள் மெதுவாக வந்து சேர்வார்கள். இப்போது சுடச்சுட உப்புமா தட்டில் விழும் நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். யாரும் அதட்டவில்லை. மாறாத ஒரு நேரமும், அங்கே காத்திருக்க ஓர் ஆளும் இருந்தது, அவ்வளவுதான். சாயங்காலத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்கச் சொன்னது, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக. ஆறு வயதைத் தாண்டிப் பள்ளிக்கு வரும் பிள்ளையின் சாயங்காலத்துக்கு அதில் இடம் இல்லை. அதனால்தான் சட்டத்தைக் காட்டாமல் உங்களிடம் நேராகக் கேட்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில், அப்பா அம்மா இருவரில் ஒருவரை, செவ்வாயும் வியாழனும் 5.30-க்கு அனுப்புங்கள். கேட்பவர்களுக்கு மட்டும் போதும். இரண்டு அரை ஷிப்ட் போனால் வாரத்தில் ஒரு ஷிப்ட் கூலி குறையும், அது சின்னத் தொகை இல்லை என்று எனக்குத் தெரியும். அதைத் தாங்குவதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். கேட்டதற்காக "அப்படின்னா நாளைக்கு வர வேண்டாம்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிடக் கூடாது. இப்போது கேட்கவே பயப்படுகிறார்கள்.

ஆண்டு முழுவதும் முடியாது, ஷிப்மென்ட் நெருக்கும் என்பீர்கள். சரி, ஜூனில் பள்ளி திறப்பதில் இருந்து காலாண்டுத் தேர்வு வரையாவது கொடுங்கள். அந்த மூன்று மாதம் பழகிவிட்டால் மற்ற நாட்களில் பிள்ளை தானாகவே புத்தகத்தை எடுத்து உட்காரும். உங்களில் பலர் கைமடியிலும் தறியிலும் தொடங்கி மேலே வந்தவர்கள், இந்த வீடுகளைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எந்தக் கம்பெனி ஒத்துக்கொண்டாலும், ஒரு சனிக்கிழமை டீ நேரத்தில் பத்து நிமிடம் கொடுங்கள். பெற்றோரிடம் அந்த இருபது நிமிடத்தில் என்ன செய்வது என்பதை நானே நேரில் வந்து சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை