லாங்கோயாவும் நம் கல்குழியும்

காங்கேசன்துறை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லாருக்கும் பெரிய சந்தோசம். அம்மாவுக்கு முழங்கால் நோவு கொஞ்சம் குறைந்திருக்கிறது. இந்தமுறை மழை நன்றாகப் பெய்ததால் வெங்காயமும் பரவாயில்லை.

சரி, நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். நோர்வேயில் ஒஸ்லோ குடாவில் லாங்கோயா என்ற தீவு, சீமெந்துக்குச் சுண்ணக்கல் வெட்டிய பெருங்குழிகள், அவற்றை நிரப்பக் கப்பலில் வரும் குப்பை எரித்த சாம்பல். டென்மார்க்கும் சுவீடனும் காசு கொடுத்து அனுப்புகின்றன. 1990 இல் சீமெந்துத் தொழிற்சாலை நின்றதிலிருந்து நம் குழிகளும் சும்மாதானே கிடக்கின்றன, ஊருக்கு ஒரு வருமானம் வராதா என்று கேட்டிருந்தாய். ஊர்மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டாய், தெரியும். ஆனால் வேண்டாம் மச்சான்.

எல்லாச் சாம்பலையும் நான் வெறுக்கவில்லை. இரும்பு உருக்கும் உலையில் மிஞ்சும் கசடை அரைத்து உலகமெங்கும் சீமெந்தில் சேர்க்கிறார்கள். நாடு விட்டு நாடு விற்கிறார்கள். நுரைச்சோலை மின்நிலையத்து நிலக்கரிச் சாம்பலும் சீமெந்துக்குப் போகிறது. நல்ல விசயம். குப்பை எரிக்கும் உலையின் புகை வடியில் பிடிபடும் நுண்சாம்பல் வேறு சாதி. ஈயம், கட்மியம், டயொக்சின் என்ற நஞ்சு, நிறைய உப்பு. டயொக்சினைத் தவிர மற்றவை தண்ணீர் பட்டால் கரைந்து இறங்கக்கூடியவை. லாங்கோயாவில் அதைக் கழிவு அமிலத்தோடு கலந்து, ஜிப்சமாக்கி, குழியில் ஊறும் தண்ணீரையும் இறைத்துச் சுத்தப்படுத்துகிறார்கள். அப்படிச் செய்தும், அடுத்த இடமாக அங்கேயே பிரேவிக் என்ற ஊரின் சுண்ணக்கல் சுரங்கத்தைப் பார்த்தபோது அந்த ஊர்ச் சனம் கடுமையாக எதிர்த்தது.

போன கிழமை குழியடிக்குப் போயிருந்தேன். வெட்டுச் சுவரைக் கிட்ட நின்று பார்த்தால் கல் முழுக்கத் துளை. சிலதில் விரல் போகும், சிலதில் கையே போகும். எல்லாம் மழைத்தண்ணீர் அரித்து இறங்கிய வழி. ஆறு இல்லாத நமக்கு அந்த வழியாக இறங்கும் தண்ணீர்தான் கிணறு, தோட்டம், குடிக்கிறது எல்லாம். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது சனம் தண்ணீர் பவுசருக்குக் காத்து நின்றதை நீயும் கேள்விப்பட்டிருப்பாய். எண்ணெய் மேலே படலமாக மிதந்து காட்டிக்கொடுத்தது. ஈயம் காட்டிக்கொடுக்காது.

அப்புறம் இன்னொன்று. 1986 இல் பிலடெல்பியா நகரச் சாம்பல் 14,000 தொன்னுக்கு மேல் ஏற்றிக்கொண்டு கியான் சீ என்ற கப்பல் புறப்பட்டது. எந்த நாடும் ஏற்கவில்லை. ஹெயிட்டியில் உரம் என்று சொல்லி ஏறக்குறைய 4,000 தொன்னைக் கடற்கரையில் கொட்டிவிட்டு ஓடியது. மிச்சம் கடலுக்குள் போனது. இந்த மாதிரிக் கூத்துகளுக்குப் பிறகுதான் 1989 இல், ஆபத்தான கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை வந்தது. வாங்கும் நாடு எழுத்தில் சம்மதித்தால்தான் வீட்டுக்குப்பைச் சாம்பலை அனுப்பலாம். இலங்கை 1992 இல் சேர்ந்தது. அப்படியிருந்தும் பழைய மெத்தை, கம்பளம் என்று சொல்லிப் பிரித்தானியாவிலிருந்து கொழும்புக்கு வந்த 263 கொள்கலன்களில் ஆஸ்பத்திரிக் கழிவு இருந்ததாகச் சொன்னார்கள். கடைசிக் கொள்கலன் திரும்பிப் போக 2022 ஆகிவிட்டது. சாம்பல் வந்து குழியில் கொட்டிய பிறகு யார் அள்ளித் திருப்பி அனுப்புவது?

இங்கே குழிகளில் மழைத்தண்ணீரைத் தேக்கலாமா என்று சில பெடியள் யோசிக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பிரேவிக் ஆட்கள் என்னென்ன காரணம் சொல்லி எதிர்த்தார்கள் என்று அங்கத்தைய பத்திரிகையில் வந்ததைத் தமிழில் சுருக்கி அனுப்பு. பெடியளுக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி