பிகினித் தீவின் தென்னைகள்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு வேளாண் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வீட்டில் அனைவரையும் மகிழ்வித்தது. மூட்டுவலியைத் தவிர எனக்கு வேறு குறையில்லை.

அணுகுண்டுச் சோதனை நடந்த தீவில் மக்களை மீண்டும் குடியமர்த்தலாமா என்பதை எதை அளந்து முடிவு செய்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். தென்னையோடு வாழ்ந்த உனக்கு இதன் விடை என்னைவிட நன்றாகவே புரியும்.

பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளிலுள்ள பிகினியிலிருந்து 1946இல் 167 பேரை அப்புறப்படுத்திவிட்டு, 1958 வரை அமெரிக்கா அங்கே 23 குண்டுகளை வெடித்தது. 1954 மார்ச் 1 அன்று வெடித்த ‘பிராவோ’ மட்டுமே 15 மெகாடன், அதாவது ஒன்றரைக் கோடி டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். 1968இல் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் ஊர் திரும்பலாம் என்று அறிவித்தார். அதை நம்பிச் சென்ற குடும்பங்களின் உடலில், அணுவெடிப்பில் உண்டாகும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 ஏறிக்கொண்டே போனதால், 1978இல் அவர்களை மறுபடியும் வெளியேற்ற நேர்ந்தது. தரையில் கருவியை வைத்து அளந்தால் தெரிவது சிறு பகுதிதான். அத்தீவில் விளைவதை உண்டு வாழ்பவர் பெறும் கதிர்வீச்சு அளவில் பெரும்பங்கு வாய்வழியாகவே உடலுக்குள் போகிறது.

அதற்குக் காரணம் மண். பவளம் பொடிந்து உண்டான அந்தச் சுண்ணாம்பு மணலில் சீசியத்தைப் பிடித்து வைக்கும் களிமண் இல்லை, பொட்டாசியமும் மிகக் குறைவு. பொட்டாசியத்துக்கு ஏங்கும் தென்னை, வேதியியலில் அதை ஒத்த சீசியத்தை உறிஞ்சி இளநீரிலும் பருப்பிலும் சேர்த்துவிடுகிறது; தாழம்பழத்திலும் ஈரப்பலாவிலும் இதே கதைதான். கடல்நீரில் பொட்டாசியம் தாராளமாக இருப்பதால் மீனில் இத்தொல்லை குறைவு. ஆகவே அங்கே மதிப்பீடு செய்யப் போகிறவர், ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை தேங்காய் தின்பார், எவ்வளவு இளநீர் குடிப்பார், கப்பலில் வரும் அரிசியை எவ்வளவு நம்பியிருப்பார் என்று வீடுவீடாகக் கேட்டாக வேண்டும். 1990களில் ஆராய்ந்த சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர் குழு, உள்ளூர் உணவையே உண்டால் ஆண்டுக்கு 15 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை சேரும் என்று கணக்கிட்டு, இப்போதுள்ள நிலையில் நிரந்தரமாகக் குடியேற வேண்டாம் என்றது. இயற்கையாக நமக்கெல்லாம் கிடைப்பது ஆண்டுக்குச் சராசரியாக 2.4 தான்.

மேல்மண்ணை முழுவதும் சுரண்டி எடுத்துவிடலாம். ஆனால் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மட்கு முழுவதும் அதோடு போய்விடும், மிஞ்சுவது வெறும் வெள்ளை மணல். அதைவிட நல்ல வழியாக அக்குழு சொன்னது உன் தோப்பில் நீ செய்வதைத்தான்: பொட்டாசியம் தரும் பொட்டாஷ் உரம் இடுவது, கூடவே வீடுகளைச் சுற்றி மட்டும் மண்ணை மாற்றுவது. அமெரிக்க அரசின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் வயல் சோதனைகளில் தேங்காயின் சீசியம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது.

கணக்கு சரியாக இருக்கலாம். ஆனாலும் ஒருமுறை அரசின் சொல்லை நம்பிப் போய் ஏமாந்தவர்களிடம், உரம் போட்டால் போதும் என்று அதே அரசின் ஆய்வகம் சொன்னால் அவர்கள் தயங்குவதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். அந்த உரத்தை யார், எவர் செலவில், எத்தனை ஆண்டுகளுக்கு இட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற கேள்விக்கு விடை எழுதப்படாத மதிப்பீட்டை நான் முழுமையானதாக ஏற்கமாட்டேன்.

இதில் எனக்கு உன் உதவி தேவை. மணற்பாங்கான கரையோரத் தோப்பில் பொட்டாஷை நிறுத்திவிட்டால் எத்தனை பருவத்துக்குள் மரம் பற்றாக்குறையைக் காட்டத் தொடங்கும்? உன் அனுபவத்தில் கண்டதை விரிவாக எழுது.

அன்புடன்,
இராமநாதன்